கஞ்சித் தொட்டி முதல் அத்தோ வரை: வடசென்னையின் சாப்பாட்டு வரலாறு

லண்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அரண்மனை, மணிக்கூண்டு, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, சாப்பிடுவதற்கென்றே கிழக்கு லண்டனில் 'பிரிக் லேன்' என்ற தெருவுக்குப் போவது வழக்கம். அந்தத் தெருவில் ஒரு பழைய கட்டிடம் இருக்கிறது. 1743-ல் பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த புராட்டஸ்டன்ட் மக்கள் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். 1898-ல் அதுவே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக் கூடமானது. 1976-ல் அது வங்காளதேச மக்களின் மசூதியானது. தெருவில் கிடைக்கும் சாப்பாடும் இதே கதையைத்தான் சொல்கிறது. யூதர்களின் ரொட்டிக் கடையும் அங்கே இருக்கிறது, வங்காளிகளின் கறிக் கடையும் அங்கே இருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், வாடகை குறைவான பகுதியில், பிழைக்க வந்தவர்கள் குடியேறினார்கள். கூடவே தங்கள் சமையலையும் கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதே மாதிரி ஒரு பகுதி சென்னையிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க யாரும் சுற்றுலா போவதில்லை! பாரிமுனையிலிருந்து வடக்கே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் வடசென்னைதான் அது. சினிமாவில் வடசென்னை என்றாலே அரிவாளும் ரவுடியும்தான். செய்தித்தாளில் என்றால் புகையும் குப்பையும்தான். ஆனால் இந்த நிலத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. பசியோடு வந்தவர்களை ஏற்றுக்கொண்ட வரலாறு அது. அப்படி வந்தவர்களே பிறகு இந்த நகரத்துக்குச் சோறு போட்ட வரலாறும் அதுதான். அதைத் தெருத் தெருவாகப் பார்க்கலாம்.

கஞ்சித் தொட்டி

ராயபுரத்தை ஒட்டி இருக்கிறது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னையில் வயதானவர்களிடம் கேட்டால் பலர் இதை 'ஸ்டான்லி' என்று சொல்லமாட்டார்கள். 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?

1780-ல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தன. ஒரு பக்கம் ஹைதர், இன்னொரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது விவசாயிகள்தான். வயல்கள் அழிந்தன, கால்நடைகள் போயின. 1781, 1782 ஆண்டுகளில் கடும் பஞ்சம் வந்தது. கிராமங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக மதராஸ் கோட்டையை நோக்கி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக நகரத்தின் வடக்கு எல்லையில் 1782-ல் ஒரு சத்திரம் தொடங்கப்பட்டது. ஊர்த் தலைவரான மணியக்காரரின் பெயரால் அது 'மணியக்காரர் சத்திரம்' ஆனது. ஆங்கிலேயர் வாயில் அது 'மோனேகர் சௌல்ட்ரி' என்று திரிந்தது.

பஞ்சத்தில் வந்தவர்களுக்குப் பசி மட்டுமா இருந்தது? நோயும் இருந்தது. அதனால் 1799-ல் டாக்டர் ஜான் அண்டர்வுட் என்பவர் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அது வளர்ந்து, மருத்துவப் பள்ளியும் சேர்ந்து, 1930-களில் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. அரசாங்கம் கவர்னர் பெயரை வைத்தது. மக்கள் கஞ்சியின் பெயரை விடவில்லை.

பஞ்சம் போனாலும் பெயர் நின்றது. ராயபுரத்தின் பழைய சாப்பாட்டு இடம் எது என்று தேடினால் கிடைப்பது ஒரு ஓட்டலோ விடுதியோ அல்ல. அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றிய ஒரு தொட்டி. வடசென்னையின் கதையை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

ராயப்பர் ஊர்

ராயபுரம் என்ற பெயர் எப்படி வந்தது? ஏசுவின் சீடரான பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'இராயப்பர்' என்று அழைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வாழ்ந்த படகுக்காரர்கள் தங்கள் சொந்த முயற்சியில் புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டினார்கள். பீட்டர் ஒரு மீனவர் என்பது பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடலை நம்பி வாழ்ந்தவர்கள் தங்களைப் போன்ற ஒருவரையே தேர்ந்தெடுத்தது இயல்புதானே!

இந்தப் படகுக்காரர்கள் இல்லாவிட்டால் மதராஸ் என்ற ஊரே இயங்கியிருக்காது. அன்று மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில்தான் மனிதர்களும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி அடித்த படகு என்றால் அலை அடிக்கிற அடியில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவர்னர் ஆனாலும் சரி, கவர்னர் வீட்டு ஒயின் பெட்டி ஆனாலும் சரி, இந்தப் படகுக்காரர்கள் தோளில் ஏறித்தான் கரைக்கு வந்தது.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்சிகளும் ராயபுரத்துக்கு வந்துவிட்டார்கள். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். 1910-ல் பிரோஜ் கிளப்வாலா என்பவர் இளம் வயதில் இறந்துபோன தன் மகன் ஜாலின் நினைவாக இங்கே ஓர் அக்னி ஆலயம் கட்டினார். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருக்கும் ஒரே அக்னி ஆலயம் இதுதான். பருப்பும் காய்கறியும் ஆட்டுக்கறியும் சேர்த்து வேகவைக்கும் 'தன்சாக்' அவர்களின் பெயர்பெற்ற சமையல். ஆனால் இது தெருவுக்கு வராத சாப்பாடு, வீட்டோடு நின்றுவிட்டது.

பிறகு ரயில் வந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் ஓடத் தொடங்கியது. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர். மும்பையில் 1853-லும், கல்கத்தா பக்கம் 1854-லும் ரயில் ஓடிவிட்டது. ஆனால் அந்த முதல் நிலையக் கட்டிடங்கள் இன்று இல்லை. ராயபுரம் நிலையக் கட்டிடம் மட்டும் தூண்களோடு இன்றும் நிற்கிறது. இந்தியாவில் இப்போதுள்ள மிகப் பழைய ரயில் நிலையக் கட்டிடம் இதுதான் என்பது சென்னையிலேயே பலருக்குத் தெரியாது.

ரயிலோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்தில் பெருகின. டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் அவர்கள் அதிகம். கொத்துக்கறியை உருண்டை பிடித்துச் செய்யும் கோளா உருண்டைக் குழம்பும், மஞ்சள் நிறத் தேங்காய்ச் சாதமும் அவர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். 'பால் கறி' என்று பெயர். பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பந்து மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்! சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் குடும்பங்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். 'பால் கறி'யும் அவர்களோடு கப்பலேறி மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது.

துறைமுகம் கொடுத்ததும் எடுத்ததும்

மதராஸுக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1870-களின் நடுவில் தொடங்கியது. கடலுக்குள் இரண்டு பக்கமும் கற்சுவர் எழுப்பினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது. விடாமல் திரும்பவும் கட்டினார்கள்.

துறைமுகம் வந்தது நகரத்துக்கு நல்லதுதான். ஆனால் ராயபுரம் மீனவர்களுக்கு? இங்கே கொஞ்சம் அறிவியல் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே சுவர் வந்தால் என்ன ஆகும்? மணல் சுவரின் தெற்குப் பக்கம் தேங்கும். வடக்குப் பக்கத்துக்கு மணல் வராது, ஆனால் அலை அங்கிருக்கும் மணலை அரித்துக்கொண்டே இருக்கும். தெற்கே தேங்கிய மணலால்தான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கரை கரைந்துபோனது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. இன்று அங்கே மணலுக்குப் பதில் பாறாங்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றுகிறார்கள். ஊரே காற்று வாங்கப் போகும் மெரினாவின் மணலில் ஒரு பங்கு வடசென்னைக் குப்பங்களின் மணல் என்று சொன்னால் அது மிகையல்ல.

மணல் இல்லாவிட்டால் கட்டுமரத்தை எங்கே இழுத்து வைப்பது? வலையை எங்கே காயவைப்பது? 1980-களில் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் வந்த பிறகு விசைப்படகுகளின் காலம் தொடங்கியது.

காசிமேட்டைப் பார்க்க வேண்டும் என்றால் விடிவதற்கு முன்பே போக வேண்டும். படகுகள் வந்து நிற்கும். கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் போடுகிறவரின் குரல் வேகத்தைப் புதிதாகக் கேட்பவர்களால் பின்தொடர முடியாது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, கவளை, இறால், நண்டு என்று எல்லாம் அங்கேயே விலை பேசப்படும். பெரும்பாலும் விலை பேசுவதும், கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய் விற்பதும் பெண்கள்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், மீன் விலை ஏறிவிடும்.

விலை உயர்ந்த மீன் எல்லாம் ஓட்டல்களுக்கும் ஏற்றுமதிக்கும் போய்விடும். மீனவர் வீட்டுக் குழம்பில் விழுவது பெரும்பாலும் பொடி மீன்தான். கவளையும் நெத்திலியும் மாங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பின் ருசி பெரிய ஓட்டலில் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

பர்மாவுக்குப் போன கப்பல்கள்

இனி வடசென்னையின் மிக முக்கியமான சாப்பாட்டுக் கதைக்கு வரலாம். அதற்குக் கொஞ்ச நேரம் கடல் தாண்டி ரங்கூனுக்குப் போக வேண்டும்.

பிரிட்டிஷார் 1852-ல் கீழ் பர்மாவையும் 1885-ல் மேல் பர்மாவையும் பிடித்தார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையில் காட்டை அழித்து நெல் வயலாக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். மதராஸிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல்கள் போய்வந்தன. வட்டித் தொழிலுக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். வயல் வேலைக்கும், ஆலை வேலைக்கும், மூட்டை தூக்கவும், கடை வைக்கவும் ஏழைத் தமிழர்கள் போனார்கள். தெலுங்கர்களும் ஒடியாக்காரர்களும் வங்காளிகளும் போனார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து இங்கே வந்தது அரிசி. மதராஸ் மாகாணம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது.

பர்மியர்கள் பார்வையில் இது எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் அப்படிக் கைமாறியது. கோபம் வளர்ந்தது. 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அடி வாங்கியது பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்கள் அல்ல, மூட்டை தூக்கியவர்கள்.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தே வந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே இறந்தார்கள். பர்மா அரிசியும் நின்றது. போர் முடிந்தபின் பலர் திரும்பவும் பர்மாவுக்கே போனார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வீடு என்று இருந்தது அங்கேதான்.

திரும்பி வந்தவர்கள்

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆக்கப்பட்டன. 1964 மே 17-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தது ஒரே நாளில் காகிதமாகிவிட்டது. நகையைக்கூட நாட்டைவிட்டு எடுத்துப்போகக் கட்டுப்பாடு. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 1.44 லட்சம் பேர்.

சிலரால் இங்கே ஒட்டமுடியவில்லை. தரைவழியாகத் திரும்பவும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற எல்லை ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் உண்டு. இன்றும் மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

மற்றவர்கள் கப்பலில் வந்து இறங்கிய இடம் சென்னைத் துறைமுகம். பலருக்குச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊரே இல்லை. தாத்தா காலத்தில் விட்டுப்போன கிராமத்தில் யார் இருப்பார்கள்? அதனால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, வேலை கிடைக்கும் வடசென்னையிலேயே தங்கினார்கள். வியாசர்பாடியில் அவர்களின் குடியிருப்புகள் வந்தன. எண்ணூரில் 'பர்மா நகர்' என்றே ஒரு பகுதி உண்டு.

1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இன்றைய ராஜாஜி சாலையின் நடைபாதை ஓரமாக, அவர்களுக்குச் சிறு கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுதான் பர்மா பஜார். கப்பலில் வரும் வெளிநாட்டுச் சாமான்கள் அங்கே கிடைக்கும். சென்ட், வாட்ச், டேப் ரெக்கார்டர், பிறகு சிடி, டிவிடி, செல்போன் என்று காலத்துக்கு ஏற்றபடி சரக்கு மாறியது. சென்னையில் ஒரு தலைமுறை 'ஃபாரின் சாமான்' என்பதை முதலில் தொட்டுப் பார்த்ததே அங்கேதான். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கடை அது, ஆனால் அங்கே பர்மாவின் பொருள் எதுவும் பெரிதாக இல்லை. அது இருந்தது அடுத்த தெருவில், ஒரு தள்ளுவண்டியில்.

அத்தோ

பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போனால் வரிசையாகத் தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். வண்டியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் மலைபோல் நூடுல்ஸ் குவிந்திருக்கும். பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். இதுதான் அத்தோ கடை.

பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். அத்தோ செய்வதும் அப்படித்தான். வெந்த நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி. எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டுக் கையால் பிசைவார்கள். அதன் மேல் 'பேஜோ'வை நொறுக்கிப் போடுவார்கள். பேஜோ என்பது தட்டை மாதிரி மொறுமொறுப்பான ஒரு பொரியல். பர்மிய மொழியில் 'பெ' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. பெயரை நம் ஆட்கள் ஒட்டியே சொல்லிவிட்டார்கள்.

கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூப் வரும். 'மொய்ங்கா' என்பார்கள். இது பர்மாவின் தேசிய உணவு என்றே சொல்லத்தக்க 'மொஹிங்கா'வின் சென்னைப் பிள்ளை. பர்மாவில் மொஹிங்கா என்றால் மீனும் வாழைத்தண்டும் எலுமிச்சைப் புல்லும் போட்டு, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. அதை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிக் காலையில் சாப்பிடுவார்கள். சென்னையில் அது சாயங்காலத்துக்கு மாறியது. மீன் காணாமல் போனது, மிளகு ஏறியது. அத்தோவிலும் அப்படித்தான். பர்மாவில் மீன் சாறும் காய்ந்த இறால் பொடியும் சேரும். நாற்றம் தாங்காமல் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்பதாலோ என்னவோ, இங்கே அது கிடையாது. வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் வைத்துக் கொடுப்பார்கள். அதை அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

'அப்படியென்றால் இது அசல் பர்மா சாப்பாடு இல்லையே?' என்று சிலர் கேட்பார்கள். இல்லைதான். ஆனால் இதைச் செய்தவர்கள் பர்மியர்கள் என்று யார் சொன்னது? அவர்கள் பர்மாவில் 'இந்தியர்கள்' என்று துரத்தப்பட்டவர்கள். சென்னையில் 'பர்மாக்காரர்கள்' என்று அழைக்கப்பட்டவர்கள். இரண்டு ஊரும் தங்களுடையவர் என்று சொல்லாத மனிதர்களின் சாப்பாடு, இரண்டு ஊர் ருசியும் கலந்துதானே இருக்கும்?

அத்தோ விற்க முதல் அதிகம் தேவையில்லை. ஒரு வண்டி, ஒரு அடுப்பு, கொஞ்சம் மாவு, கொஞ்சம் வெங்காயம் போதும். நகையும் பணமும் பறிக்கப்பட்டவர்களிடம் எந்தச் சுங்க அதிகாரியாலும் பறிக்க முடியாத சொத்து ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அது கைப்பக்குவம். அதை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். துறைமுகத் தொழிலாளிகளும் பாரிமுனை ஆபீஸ் குமாஸ்தாக்களும் கல்லூரி மாணவர்களும் அவர்களின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். இன்று அத்தோ சென்னையின் எல்லாப் பகுதிக்கும், வேறு ஊர்களுக்கும் போய்விட்டது. விற்பவர்களில் பலர் பர்மாவைப் பார்த்ததே இல்லை.

திருவொற்றியூர் சங்கு

ராயபுரத்திலிருந்து வடக்கே போனால் திருவொற்றியூர். தேவாரம் பாடிய பழைய ஊர். பட்டினத்தார் கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தார் என்றும், அந்தக் கசப்புக் கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கேதான் அவருக்கு முக்தி என்றும், அது இனித்த இடம் திருவொற்றியூர் என்றும் கதை. அவர் சமாதி அங்கே கடற்கரைப் பக்கம் இருக்கிறது.

சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்தக் கோயில் ஊர் தொழிற்சாலை ஊரானது. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் இன்றைய எம்ஆர்எஃப். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் இன்று ஒரு மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

தொழிற்சாலை என்றால் ஷிஃப்ட். ஷிஃப்ட் என்றால் சங்கு. சங்கு ஊதினால் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், ஒரே நேரத்தில் பசிக்கும். அதற்கு ஏற்றபடிதான் வடசென்னையின் கடைகள் அமைந்தன. விடியற்காலையிலேயே இட்லி, வடை. நின்றுகொண்டே சாப்பிடும் கையேந்தி பவன். ராத்திரி பரோட்டாவும் சால்னாவும். சாயங்காலம் பீஃப் பக்கோடா, பீஃப் பிரியாணி. குறைந்த காசில் வயிறு நிறைய வேண்டும், உடம்பு வேலைக்குத் தாங்க வேண்டும், சீக்கிரம் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும்தான் இங்கே சமையல் இலக்கணம்.

எண்ணூர்: கடைசி நிறுத்தம்

கடைசியாக எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரத்திலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார்கள். அதன் வழியாக உப்பும் விறகும் நகரத்துக்கு வந்தன. பிறகு அது பக்கிங்காம் கால்வாயின் பகுதியானது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க எண்ணூருக்குத்தான் போவார்கள்! ஆற்றில் இறாலும் நண்டும் மடவையும் கிடைத்தன. வலைகூட இல்லாமல் தண்ணீரில் அமர்ந்து கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் பழக்கமும் இங்கே உண்டு.

1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் கிடைத்தன. சாம்பலும் எண்ணெயும் எண்ணூரில் தங்கின. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளியால் அள்ளிப் போட்டார்கள். காசிமேட்டில் மீன் வாங்க ஆள் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுப்பாயின, மீன் செத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது.

பர்மா நகர்! 1960-களில் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், திரும்பவும் ஒரு ராத்திரி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

யாருக்கு யார் சோறு போட்டது?

1782-ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் இது. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. படகுக்காரர்கள் சரக்கை இறக்கினார்கள். மீனவர்கள் மீன் கொடுத்தார்கள். உப்பும் விறகும் மின்சாரமும் இந்தப் பக்கத்திலிருந்துதான் போயின. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் நகரத்துக்கு ஒரு புது ருசியையே கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால், குடித்த கஞ்சியைவிடப் பல மடங்கு இந்த மண் திருப்பிக் கொடுத்துவிட்டது. நகரம்தான் வடசென்னைக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறது.

இன்னொரு செய்தி. இன்றைய யாங்கோன் நகரத்துத் தெருக்களில் இப்போதும் தோசை கிடைக்கிறது. 'தோஷே' என்பார்கள். பரோட்டாவுக்கு அங்கே 'பலாட்டா' என்று பெயர். ஆட்களைத் துரத்திவிட்டார்கள், தோசையைத் துரத்தவில்லை. அங்கே பர்மியர்கள் தோசை சாப்பிடுகிறார்கள், இங்கே தமிழர்கள் அத்தோ சாப்பிடுகிறார்கள்.

அடுத்த முறை பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு தட்டு அத்தோவும் ஒரு கிண்ணம் சூப்பும் வாங்கிச் சாப்பிடுங்கள். கடைக்காரர் கொஞ்சம் வயதானவராக இருந்தால், எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதையை நேரில் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.